முக்கால் டம்ளர்

எங்கள் தெருவில் யாரும் டம்ளரை நிறைத்துத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். முக்கால் டம்ளர்தான். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கஞ்சத் தெரு என்று பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு சம்பந்தம் அதனாலேயே முறிந்தும் இருக்கிறது. நாங்கள் யாரும் விளக்கம் சொன்னதில்லை. குடத்தைக் கழுத்துக்குக் கீழே நிறுத்திவிடுவதும், வாளியில் நாலு விரல் இடம் விடுவதும், டீக் கிளாஸை முக்காலோடு வைப்பதும் எங்கள் கைகளுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களில் மிஞ்சியிருப்பவர்கள் சிலர்தான், அதில் நான் ஒருவன், சொல்லிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

ஊர் கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. கடல் கிழக்கே, பஸ்ஸில் ஏறி ஒரு நல்ல தூக்கம் போட்டு எழுந்தால் வருகிற தூரம். அந்தக் காலத்தில் நகராட்சிக் குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வரும், சில வாரம் காற்று மட்டும் வரும். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பது என் வேலை. யாரிடமும் படித்ததில்லை, ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்த்து இன்னொன்றைக் கட்டினேன். தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனி மோட்டாரைச் சுற்றப் போன இடத்தில்தான் அமலோற்பவத்தைப் பார்த்தேன். அவள் அங்கே ஐஸ் எடை போட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் ஜெபமாலை, எங்கள் வீட்டில் திருநீறு. இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் கோபமாக இருந்தார்கள், பிறகு கோபப்படுவது அலுத்துப்போய் எங்களை விட்டுவிட்டார்கள். நான் அவளை அமலி என்று கூப்பிடுவேன். எட்டு வீடுகள் முகம் பார்த்து நிற்கும் ஒரு காம்பவுண்டில், நடுவில் பொதுக் குழாயும் துவைக்கிற கல்லும் இருக்க, கடைசி வீட்டில் நாங்கள் குடியிருந்தோம்.

அமலிக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறையும் வயிற்றில் அசைவு தெரிய வேண்டிய மாதத்தில் அசைவு தெரியாமலே போயிற்று. மூன்றாம் முறை உண்டாகியிருந்தபோது நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. பேசினால் அதற்குக் கேட்டுவிடும் என்பதுபோல, சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே பேசினோம். அப்போதுதான் அவள் அண்ணன் கஸ்பார் மூன்று மண்ணெண்ணெய் டின்னில் கடல் தண்ணீரும், ஒரு தூக்குவாளியில் சோற்று உருண்டை மாதிரி ஒன்றும் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"என்ன மச்சான் இது?" என்றேன்.

"கடல் சாமந்தி, மாப்ள. வலையில மாட்டிக்கிட்டு வந்துச்சு. அடி கிழிஞ்சிருக்கு. திருப்பிப் போட்டா மீன் கொத்தித் தின்னுரும். உங்க வீட்டுல கண்ணாடித் தொட்டி சும்மாதான கெடக்கு?"

சும்மா கிடக்கவில்லை. மீன் வளர்த்து, மீனெல்லாம் செத்த பிறகு அதில் அரிசி கொட்டி வைத்திருந்தோம்.

அமலி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாசமா இருக்கிறவளப் பாக்க வாரவன் மாம்பழம் கொண்டு வருவான். நீ நோயாளியக் கொண்டு வந்திருக்க."

"நீயே ஒரு நோயாளி. ஒனக்குத் தொணைக்கு இருக்கட்டும்."

"பூன்னு சொல்லுத. வாடையப் பாத்தா கருவாடாட்டம் இருக்கு."

"பூ இல்லட்டி, உசிரு. வாயிருக்கு, வயிறு இருக்கு, கோவம் வந்தா சுருக்குனு கொட்டும். அப்படியே ஒன்ன மாதிரி."

அரிசியைச் சாக்குக்கு மாற்றிவிட்டுத் தொட்டியைக் கழுவி, அவர் கொண்டுவந்த கடல் மணலையும் கல்லையும் போட்டு, தண்ணீரை ஊற்றினோம். குமிழி விடுவதற்கு ஒரு சின்ன மோட்டாரை நானே சுற்றி வைத்தேன். மேலே ஒரு டியூப்லைட். தொட்டியில் விட்டதும் அது அடியில் போய்ச் சரிந்து கிடந்தது. நிறமில்லை. துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி இருந்தது, வாய் பிளந்திருந்தது.

அதைத் தேற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியாது, கஸ்பாருக்கும் தெரியாது. கடலில் யாரும் அதைத் தேற்றுவதில்லை. பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைத் தொடக் கூடாது. எங்கே ஒட்ட வேண்டும் என்று அதுவே தேடும், நாம் கல்லில் கொண்டுபோய் அழுத்தினால் விட்டுவிடும். குமிழியின் வேகம் அதன் மேல் நேராகப் படக் கூடாது, சற்றுத் தள்ளி, முகத்தில் காற்று படுகிற மாதிரி பட வேண்டும். அரிசி அளவு இறால் துண்டை ஈர்க்குச்சியில் குத்தி வாய்ப்பக்கம் நீட்ட வேண்டும். துப்பினால் கோபப்படாமல் அந்தத் துண்டை எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் கெட்டுவிடும். அது நிறையத் துப்பியது. மீன் வண்டிக்காரர் வாரம் ஒரு டின் கடல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், கொஞ்சத்தை எடுத்துவிட்டுக் கொஞ்சத்தை ஊற்றுவேன். வெயிலில் தண்ணீர் வற்றினால் உப்பு வற்றாது, தண்ணீர்தான் வற்றும் என்பதால், அமலியின் நகப்பூச்சால் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இறங்கினால் உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று காம்பவுண்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். நான் பகலெல்லாம் கடையில் இருப்பவன். அமலி குடம் தூக்கக் கூடாது.

எதிர்வீட்டு சண்முகத்தாய் அக்காதான் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அமலி மேல் பிரியம். தன் பிள்ளைகள் நாலு பேருக்கும் வைக்காத கண்ணை அமலியின் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். "தலையில வைக்க ஆகாத பூவுக்கு இம்புட்டு ஆக்கினையா" என்று சொல்லிக்கொண்டே வந்து தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஒரு காலையில் அது கல்லில் ஒட்டியிருந்தது. அடுத்து வந்த ஒரு காலையில் வாய் மூடியிருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து அமலி தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, வெளுத்த துணியாகக் கிடந்தது மெல்ல உப்பி, பாசிப்பச்சையும் நுனியில் கத்தரிப்பூ நிறமுமாக நூறு விரல்களை விரித்தது. பாதி குடித்து வைத்திருந்த அமலியின் காப்பி டம்ளரில் காப்பி தானாக மேலே ஏறி, விளிம்பைத் தொட்டு, வழிந்து அவள் புடவையில் கொட்டியது. அவள் டம்ளரைப் பார்க்கவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "ஏங்க, உள்ள ஏதோ புரளுது" என்றாள்.

அன்றிலிருந்து காம்பவுண்டில் கடல் ஏறியது, இறங்கியது. கடல் சாமந்தி விரியும்போது குடத்திலும் சட்டியிலும் வாளியிலும் தண்ணீர் ஏறும், அது சுருங்கும்போது இறங்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. நேற்று வந்த நேரத்துக்கு இன்று வராது, சற்றுப் பிந்தி வரும். தொட்டியில் இருந்த தண்ணீர் மட்டும் சிவப்புக் கோட்டை விட்டு அசையவில்லை.

முதலில் வந்தது சண்டைதான். நிறைத்து வைத்த குடம் முக்காலாக நின்றதைப் பார்த்து சண்முகத்தாய் அக்கா, மாடிப்படிக்குக் கீழே குடியிருந்த சங்கரலிங்கம் வாத்தியார் வீட்டைச் சாடையாகப் பேசினாள். "படிச்ச வீட்டுலயே தண்ணி களவாண்டா படிக்காதவ என்ன செய்ய." வாத்தியாரின் மனைவி கோமதி வெளியே வந்து, தன் குடமும் குறைந்திருப்பதைக் காட்டினாள். எட்டு வீட்டுக் குடங்களையும் முற்றத்தில் வரிசையாக வைத்து, ஒருவர் கையை ஒருவர் கவனித்தபடி எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மதியச் சமையல் யார் வீட்டிலும் நடக்கவில்லை. சாயங்காலம் எல்லோர் கண் முன்னாலும் எட்டுக் குடமும் ஒரே நேரத்தில் ஏறி, வழிந்து, முற்றத்தை நனைத்தன. பிறகு சண்முகத்தாய் அக்கா எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, "சரி, இனிமே நெறைக்காம வைக்கணும். வீணாப் போகுதுல்லா" என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் பஞ்சமுள்ள ஊரில் தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று யாரும் கேட்பதில்லை, வழியாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

தெருவும் பழகிக்கொண்டது. இறக்கத்தில் உலை வைத்தால் அடிப்பிடிக்கும் என்றும், ஏற்றத்தில் குழம்பு இறக்கினால் நீர்த்துவிடும் என்றும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். முனை டீக்கடைக் காசி கிளாஸை முக்காலோடு வைக்கத் தொடங்கினார். ஏற்றத்துக்கு என்றே வந்து உட்காருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "வந்துட்டாரு பாரு கப்பலு, ஏத்தம் பாத்துத்தான் கரைக்கு வருவாரு" என்பார். கிளாஸைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அலை வரக் காத்திருப்பார்கள், டீ ஏறி விளிம்பைத் தொட்டதும் குனிந்து உறிஞ்சுவார்கள். கோயிலில் கும்பத்துத் தண்ணீர் வழிந்து தேங்காயைத் தள்ளிவிட்டது. பூசாரி தேங்காயைச் சணலால் கட்டிவைத்தார்.

கண்ணீரும் அப்படித்தான். ஏற்றத்தில் அழ ஆரம்பித்தால் நிற்காது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதனால் மாமியார் மருமகள் வழக்குகளை இறக்கத்துக்குத் தள்ளிவைத்தார்கள், அந்த நேரத்துக்குள் பாதி வழக்கு மறந்துபோயிற்று. இஸ்திரிக்காரரின் அம்மா இறந்தபோது ஒப்பாரி சொல்ல வந்த பெண்கள், "ஏத்தம் வடியட்டும்" என்று திண்டுக்கல் புகையிலையை மென்றுகொண்டு வெளியில் காத்திருந்தார்கள்.

நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். குழாயில் திருட்டுக் கனெக்‌ஷன் இருக்கிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்த்தார். ஒன்றுமில்லை. தாகமாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்டார். கோமதி முக்கால் டம்ளர் கொடுத்தாள். அவர் வாயில் வைக்கப் போகும்போது ஏற்றம். தண்ணீர் தானாக ஏறி அவர் மீசையை நனைத்தது. குடித்து முடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சொன்னார்: "பைப்புக்குள்ள நடந்தா எங்க பொறுப்பு. டம்ளருக்குள்ள வந்துட்டா உங்க பொறுப்பு."

இதெல்லாம் கடல் சாமந்தியால் என்று தெருவுக்குத் தெரியும். அமலியின் வயிற்றுக்குள் இருப்பதும் ஒரு தண்ணீர்தான் என்றும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஏற்றம் வந்ததும் மற்ற ஏழு வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் எங்கள் வாசலைக் கடந்துபோவார்கள், அமலி வயிற்றில் கை வைத்தபடி தலையை அசைப்பாள், அவர்கள் ஒன்றும் கேட்காமல் போய்விடுவார்கள். பிள்ளை ஏற்றத்தில் புரண்டது, இறக்கத்தில் தூங்கியது. போன இரண்டு முறையும் எந்த மாதத்தில் எங்கள் வீடு அமைதியாகிப் போனதோ அந்த மாதம் கடந்தது. அடுத்ததும் கடந்தது. நாங்கள் பேச ஆரம்பித்தோம். அவள் பேர் யோசித்தாள், நான் தொட்டில் கம்பி யோசித்தேன்.

சித்திரை வெயில் வந்தது. தொட்டித் தண்ணீர் வேகமாக வற்றியது. நான் கடையிலிருந்து வரும்போதெல்லாம் தண்ணீர் கோட்டில் சரியாக நிற்கும், சண்முகத்தாய் அக்கா ஊற்றியிருப்பாள், நிம்மதியாக இருக்கும். ஆனால் கடல் சாமந்தி விரிவது குறைந்தது. கை அகலம் விரிந்தது, பிறகு எலுமிச்சம்பழம் அளவோடு நின்றது. இறாலைத் துப்பியது. வெயில்தான் காரணம் என்று நினைத்து ஈரச் சாக்கைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். தெருவில் ஏற்றம் ஒரு விரல் அளவுக்குக் குறைந்தது. காசி, "கடலுக்கு மேலு சொகமில்லையா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தேன். தெரு சத்தமில்லாமல் இருந்தது. காம்பவுண்டு முற்றத்தில் எல்லோரும் குடத்தை முன்னால் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். காலை ஏற்றம் வந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது. எட்டுக் குடத்திலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. அவர்கள் எனக்கு வழி விட்டார்கள்.

உள்ளே கடல் சாமந்தி கல்லை விட்டுவிட்டு, குமிழி தள்ளிய பக்கமெல்லாம் புரண்டுகொண்டிருந்தது. வாய் பிளந்து, உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் வந்துகொண்டிருந்தது. அமலி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அசையலங்க."

அடுத்த தெரு டாக்டரம்மாவைக் கோமதி ஏற்கெனவே கூட்டிவந்திருந்தாள். அவர் குழலை வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டார். "துடிப்பு இருக்கு. ஆனா சோர்வாத்தான் இருக்கு. இடது பக்கமா படுத்திருக்கட்டும், நான் மணிக்கொருதரம் வந்து பாக்கிறேன். குறைஞ்சா உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போயிரணும்" என்றார். வாசலில் காசி தன் மச்சானின் வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

நான் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து தண்ணீரை முகர்ந்தேன். கடல் வாடைக்குக் கீழே வேறொரு வாடை இருந்தது. பகலெல்லாம் என் விரல்களில் இருக்கிற வாடை. அதனால்தான் இத்தனை நாள் எனக்குத் தனியாகத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். தொட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் ஊற்றுவதற்கென்று சண்முகத்தாய் அக்கா வைத்திருந்த குடம் இருந்தது. புளி போட்டு விளக்கிய செம்புக் குடம். வாய் விளிம்பில் பச்சையாகக் களிம்பு.

என் கடைக்குப் பின்னால் வெட்டிப் போட்ட செம்புக் கம்பிக் குவியல் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் சுவரெல்லாம் நத்தை ஏறும், கதவில் ஏறும், என் செருப்பில் ஏறும், அந்தக் குவியலின் மேல் மட்டும் ஏறாது. கொம்பை நீட்டித் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். எலும்பில்லாத, ஈரமான உயிருக்குச் செம்பு ஆகாது என்று எனக்குச் சொல்லித்தந்தவை அவைதான். அவை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அக்கா, இந்தக் குடத்துலயா ஊத்துனீங்க?" என்றேன். குரலை உயர்த்தவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"ஆமா அண்ணாச்சி. எங்க அம்மா சீதனமாக் குடுத்தது. ராத்திரியே புடிச்சு, துளசி போட்டு வைப்பேன். செம்புல நின்ன தண்ணி உடம்புக்கு அம்புட்டு நல்லதுல்லா." சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏன்? என்ன?"

குடத்தையும் தொட்டியையும் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, நல்லதுன்னுதான ஊத்துனேன். என் பிள்ளைக கூடப் பிளாஸ்டிக்குலதான் குடிக்குதுக."

கட்டிலிலிருந்து அமலி சொன்னாள், சுவரைப் பார்த்தபடியே. "அக்கா, எனக்கும் அந்தத் தண்ணியத்தான குடுத்தீங்க. எனக்கு ஒத்துக்கிச்சு. அதுக்கு ஒத்துக்கல. எழுந்திருங்க. அழுதா வேலை நடக்காது."

அவள் எழுந்தாள். முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும், மாற்றக் கடல் வேண்டும். மீன் வண்டி காலையிலேயே போய்விட்டது. காசி கடைக்குப் பக்கத்து மரக்கடையில் போன் இருந்தது. தூத்துக்குடி ஐஸ் கம்பெனிக்கு டிரங்க்கால் போட்டு, கஸ்பாரைக் கூப்பிட்டு, கிடைத்த டின்னிலெல்லாம் கடலை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னேன். "அமலி?" என்று கேட்டார். "கடலைக் கொண்டு வாங்க மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வருகிறவரை சும்மா இருக்க முடியாது. இஸ்திரிக்காரரின் பெட்டியில் இருந்தது சிரட்டைக் கரி. கரி எதையும் இழுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். எரிந்த மோட்டாரின் வீச்சத்தைப் போக்க நான் கடையில் கரிதான் வைப்பேன். அவர் நெருப்பை அணைத்துவிட்டுப் பெட்டிக் கரியையும் மூட்டைக் கரியையும் கொண்டுவந்து கொட்டினார். "ஊர் வேட்டி ஒருநாள் கசங்கிக் கெடக்கட்டும்." பெண்கள் அதைப் பொடித்து, கறுப்பு போகும்வரை பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரில் கழுவினார்கள், ஒரு வாரத் தண்ணீர் முற்றத்தில் கறுப்பாக ஓடியது, யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. அமலியின் பழைய மெல்லிய புடவையைக் கிழித்து முடிச்சு முடிச்சாகக் கரியைக் கட்டி, குமிழி வருகிற வழியில் தொங்கவிட்டேன். புரண்டுகொண்டிருந்த கடல் சாமந்தியை ஒரு மண் கலயத்துக்குள் தாங்கி வைத்தேன். அதற்குமேல் என் கைக்கு வேலை இல்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் தூத்துக்குடி பஸ் வந்தது. ஸ்டாண்டுக்குப் போகாமல் எங்கள் தெரு முனையிலேயே நின்றது. டின்னைக் கூரையில் ஏற்றினால் சிந்தும் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார், நடைபாதையில் வைக்க இடமில்லை, அதனால் கஸ்பார் ஆளுக்கொரு டின்னாகக் கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போனவர்களும் கோர்ட்டுக்குப் போனவர்களும் ஊர் வருகிறவரை கடலை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக ஒவ்வொரு டின்னாக இறக்கினார்கள். ஒரு கிழவர் தன் டின்னைத் தரும்போது, "கொஞ்சம் என் வேட்டியில கொட்டிருச்சு, கோவிச்சுக்காதீக" என்றார்.

பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஒரேயடியாக மாற்றினால் தாங்காது. பொழுது அடைந்தது, விடிந்தது. டாக்டரம்மா வந்துவந்து போனார். ஒவ்வொரு முறையும் குழலை எடுத்துவிட்டு, "இருக்கு" என்றார். இருக்கு என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு வீடும் இருந்தது. காரின் கதவு திறந்தபடியே இருந்தது. சண்முகத்தாய் அக்கா செம்புக் குடத்தை மொட்டைமாடியில் கவிழ்த்துவிட்டு வந்து கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரில் முக்கால் தண்ணீர் எடுத்து, தன் முன்னால் தரையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடல் சாமந்தியின் வாய் மூடியதை நான் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தும், எப்போது மூடியது என்று சொல்ல முடியாது. பிளந்திருந்தது, பிறகு மூடியிருந்தது. அடி கலயத்தின் சுவரில் ஒட்டியது. பிறகு, இன்றைக்கு வேண்டாம் என்பதுபோல நெடுநேரம் அப்படியே இருந்துவிட்டு, ஒரே ஒரு விரலை நீட்டியது.

"அண்ணாச்சி" என்றாள் சண்முகத்தாய் அக்கா.

டம்ளர்த் தண்ணீரின் நடுவில் ஒரு சுருக்கம் விழுந்தது. விளிம்புக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒரு நூல் அளவு ஏறியது. நானும் அக்காவும் கஸ்பாரும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தோம். அமலி கண்ணை மூடியிருந்தாள். அவள் வயிற்றின் மேல் போட்டிருந்த புடவை, இடது பக்கம், உள்ளேயிருந்து யாரோ முட்டியால் தள்ளியதுபோல் எழும்பி இறங்கியது.

"ஒதைக்கான்" என்றாள் அமலி. "இல்ல, ஒதைக்கா."

ஏற்றமாக இருந்ததால் சண்முகத்தாய் அக்காவின் அழுகை அன்று நெடுநேரம் நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

பிறகு அது தேறியது. இறால் உரிக்க மட்டும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்த சைவக் கோமதி, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு இறாலை உரித்து, அரிசி அளவாக நறுக்கித் தந்தாள். வாத்தியார் ஈர்க்குச்சி சீவித் தந்தார். அது துப்பவில்லை. கத்தரிப்பூ நிறம் நுனிநுனியாகத் திரும்பி வந்தது. ஆனி மாதம் ஒரு பகலில் அது தொட்டியின் பாதியை அடைத்துக்கொண்டு விரிந்தது. தெருவில் எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் விளிம்புவரை ஏறி, வழியாமல், இறங்காமல் அப்படியே நின்றது. காசியின் கடையில் கிளாஸைத் தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த நேரத்தில் டாக்டரம்மா வீட்டில் என் மகள் பிறந்தாள். அவள் அழுத சத்தம் கேட்டதும் எல்லாத் தண்ணீரும் ஒன்றாக இறங்கியது. மாதா கோயிலில் ஞானஸ்நானப் பேர் ஒன்று வைத்தோம், அதை யாரும் கூப்பிட்டதில்லை. சண்முகத்தாய் அக்கா வைத்த பேர்தான் நிலைத்தது. சாமந்தி.

அதற்குப் பிறகு ஏறவில்லை. கடல் சாமந்தி நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சத்துக்கு விரிந்தது, இருட்டுக்குச் சுருங்கியது, இறால் தின்றது. தண்ணீர் தண்ணீராக நின்றது. கொஞ்ச நாள் தெருவில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "வரும், வராம எங்க போகும்" என்று காசி சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, காம்பவுண்டில் வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, ஆட்கள் மாறினார்கள். வந்தால் வழியக் கூடாதே என்று விட்ட இடம் மட்டும் எல்லாப் பாத்திரத்திலும் அப்படியே தங்கிவிட்டது.

சண்முகத்தாய் அக்கா போய்விட்டாள். காசி போய்விட்டார். சாமந்தி கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள், அவள் வீட்டிலும் முக்கால் டம்ளர்தான், மாப்பிள்ளை வீட்டார் முதலில் வருத்தப்பட்டார்கள். கடல் சாமந்தி இருக்கிறது. அதற்கு வயதாகிறதா என்று பார்த்தால் தெரியவில்லை. நான் தொட்டியை இரண்டு முறை மாற்றிவிட்டேன், மோட்டாரை எத்தனை முறை சுற்றினேன் என்று நினைவில்லை.

போன வருடம் தை மாதம் ஒரு காலையில் அமலி படுக்கையிலிருந்தபடியே தண்ணீர் கேட்டாள். முக்கால் டம்ளர் கொடுத்தேன். பாதி குடித்தாள். "வச்சிருங்க, அப்புறம் குடிக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தேன். ஆட்கள் வந்தார்கள், சாமந்தி வந்தாள், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள், கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தோம். எல்லோரும் போன பிறகு வீட்டை ஒதுங்க வைக்கலாம் என்று டம்ளரை எடுக்கப் போனேன்.

தொட்டியில் கடல் சாமந்தி, நான் பல வருடங்களாகப் பார்த்திராத அகலத்துக்கு விரிந்திருந்தது. அமலி பாதி வைத்த தண்ணீர் டம்ளரின் விளிம்புவரை ஏறி நின்றது. இறங்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏற்றத்தில் அழக் கூடாது என்பது எனக்குத் தெரியும், இறங்கிய பிறகு அழலாம் என்றுதான் காத்திருந்தேன்.

இன்னும் இறங்கவில்லை. தூசி விழாமல் ஒரு சின்னத் தட்டால் மூடி வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் தட்டை எடுத்துப் பார்ப்பேன். விளிம்பில் ததும்பிக்கொண்டு நிற்கும். மூடிவிட்டு, தொட்டிக்கு இறால் நறுக்கப் போவேன்.